ஊசிக்காகக் கேட்ட கேள்வி

பேச்சைத் தொடங்குமுன் அந்த அக்கா ஃபேனை நிறுத்திவிடுவார். சித்திரை வெயிலானாலும் சரிதான். அந்த அறையில் இருந்தது பழைய ஃபேன், லொடலொடவென்று ஓடும். அது ஓடினால் வந்தவர்கள் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். குரலை உயர்த்திச் சொல்லக்கூடிய சங்கதி எதுவும் அந்த அறைக்கு வருவதில்லை. பிறகு வந்தவரின் நாற்காலியை எதிரில் போடாமல் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரியின் சைக்கிள் ஸ்டாண்டு.

"அங்க பாத்துக்கிட்டே சொல்லுங்க கண்ணு. என்னைப் பாக்க வேண்டாம்" என்பார்.

நெற்றியில் வேர்வை வழியும். துடைக்க மாட்டார். துடைக்கப் போனால் சொல்பவருக்கு முகம் சுளித்த மாதிரி தெரிந்துவிடுமோ என்று நினைப்பார் போலிருக்கிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். என் கணவரும் உட்கார்ந்திருக்கிறார். நான் உட்கார்ந்தது கொஞ்ச நேரம். அவர் உட்கார்ந்தது ரொம்ப நேரம். அந்த வித்தியாசத்தை என் பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் என்னால் முழுங்க முடியவில்லை.

அக்காவை ஆஸ்பத்திரியில் எல்லோரும் கவுன்சிலர் என்றுதான் சொல்வார்கள். வார்டு கவுன்சிலர் இல்லை, நோயாளிகளிடம் பேசி ஆலோசனை சொல்கிற கவுன்சிலர். என் மாமியாருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நாங்கள் இரண்டாம் தடவை திண்டுக்கல்லுக்குக் கிளம்பியபோது, எங்கே போகிறோம் என்று கேட்டவரிடம் என் கணவர், "ஒரு கவுன்சிலரப் பாக்கணும்மா" என்று சொல்லிவைத்தார். மாமியார் வாசல் வரைக்கும் வந்து, "நம்ம தெருவுக்குத் தண்ணிக் கொழா இல்லங்கறதையும் அப்படியே காதுல போட்டுட்டு வாங்கய்யா" என்றார்.

எங்கள் வீடு வேடசந்தூர் ரோட்டை ஒட்டிய ஓர் ஊரில். என் கணவர் அங்கேயே ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். நான் எங்கள் பங்குக் கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து உண்டாகியிருந்தேன். கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற வழக்கமான ரத்தப் பரிசோதனை எனக்கும் எடுத்தார்கள். மறுவாரம் நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரத்தத்துல ஒண்ணு காட்டுதும்மா. பெரியாஸ்பத்திரிக்குப் போயி இன்னொரு டெஸ்ட் எடுத்துரு. வீட்டுக்காரரயும் கூட்டிட்டுப் போ" என்றார். வீட்டுக்காரர் எதற்கு என்று கேட்டேன். அவர் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.

பெரியாஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர். சுற்றி வளைக்காமல் சொன்னார். சிபிலிஸ் என்று ஒரு நோய். ஒரு பாக்டீரியாக் கிருமி. உடலுறவில் தொற்றும். இருவர் ரத்தத்திலும் இருக்கிறது. வெளியே ஒரு புண், தடிப்பு என்று ஒன்றுமே தெரியாமல் உள்ளுக்குள் வருஷக்கணக்காகக் கிடக்கும். அப்படியே விட்டால் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும், பிள்ளை தங்காமலும் போகலாம். பென்சிலினுக்குக் கட்டாயம் கேட்கும். வாரம் ஒன்றாக மூன்று வாரம் இரண்டு பேரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள், பயப்படாதீர்கள் என்றார்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "இது எப்ப வந்துச்சுன்னு ரத்தத்துல தெரியுமா சார்?"

"தேதி போட்டுச் சொல்லாதும்மா" என்றார்.

அங்கிருந்துதான் அக்காவின் அறைக்கு அனுப்பினார்கள். முதலில் என்னை.

நாற்பதைத் தாண்டியவர். மெலிந்த தேகம். கஞ்சி போட்ட பருத்திப் புடவையை மடிப்புக் கலையாமல் பின் குத்தியிருப்பார். ஒட்டன்சத்திரத்துக்கும் மேற்கே ஏதோ ஊர், பேச்சிலேயே தெரியும். யாரையும் நீங்க நாங்க என்றுதான் பேசுவார், பெண்கள் எல்லோரும் அவருக்குக் கண்ணு. நாங்கள் 'பரவாயில்ல' என்கிற இடத்தில் அவர் 'போச்சாது' என்பார். அந்த வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அடி பட்ட இடத்தில் கை வைத்துத் தடவுகிற மாதிரி சொல்வார்.

கேள்விகள் கேட்டார். அதுவும் சாதாரணக் கேள்விகள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் யாருடனாவது உண்டா, பின்னால் உண்டா, எப்போதாவது புண் வந்ததா. எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

"நான் அப்படிப்பட்ட பொம்பள இல்லைங்க" என்றேன்.

"அப்படிப்பட்ட பொம்பளைன்னு தனியா யாரும் இல்லீங்க கண்ணு. நான் ஊசிக்காகக் கேக்கறேன். தீர்ப்புச் சொல்லக் கேக்கல" என்றார்.

அப்போது அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். நான் கோபப்பட்டது அதில் பட்ட மாதிரி தெரியவில்லை, நான் சொன்னதை நம்பினாரா நம்பவில்லையா என்பதும் தெரியவில்லை. ஒன்றுமே அந்த முகத்தில் இல்லை. மரத்துப்போன முகம் என்றும் சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டிருக்கிற முகம்தான். கேட்டது எதுவும் அதில் தங்கவில்லை, அவ்வளவுதான்.

என் முகம் நேர்மாறு. எல்.கே.ஜி.யில் நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. புருவத்தைத் தூக்கினால் பென்சிலை எடுத்தவன் தானாகக் கொண்டுவந்து கொடுப்பான். கதை சொன்னால் சிங்கம் என் முகத்தில் வரும், முயலும் வரும். அதை நான் ஒரு பெருமையாகத்தான் வைத்திருந்தேன்.

என்னை வெளியே அனுப்பிவிட்டு அவரைக் கூப்பிட்டார். "வாங்க தம்பி" என்றார். எனக்கு அதுவே சுருக்கென்றது.

என் கணவர் பேசாத மனிதர். கல்யாணமான புதிதில் கூச்சம் என்று நினைத்தேன். பிறகு குணம் என்று நினைத்தேன். சோறு நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார், அதுதான் பாராட்டு. கோபம் வந்தால் பைக்கைத் துடைப்பார். கல்யாணத்துக்கு முன் சூரத்துப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்தவர். அதைப் பற்றிக் கேட்டால் "மில்லுதான்" என்பார். எந்த ஊரிலும் மில்லு மில்லுதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த மனிதர் உள்ளே பேசினார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். வார்த்தை கேட்கவில்லை, குரல் கேட்டது. ஏறி இறங்கி, நின்று, மறுபடி தொடங்குகிற குரல். இவருக்கு இத்தனை ஏற்ற இறக்கத்தோடு பேச வருமா என்று இருந்தது. ஒரு இடத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அக்காவின் குரல் எப்போதாவது ஒரு சொல். பெஞ்சில் எனக்குப் பிறகு வந்தவர்கள்கூட மருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் கணவர் பேசிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் நடை லேசாக இருந்தது, தலைச்சுமையை இறக்கி வைத்தவர் நடப்பதுபோல. நோய் ரத்தத்தில் இருக்கிறது என்று கேட்டு ஒரு நாள்கூட ஆகவில்லை, இந்த மனிதர் லேசாகி வருகிறார். என்னிடம், "பசிக்குதா டீச்சர்? எதுவும் வாங்கியாரவா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

கையில் சிறிதாக ஒரு டெஸ்ட் ஊசி போட்டு, ஒவ்வாமை இல்லை என்று பார்த்த பிறகு, இடுப்பில் இரண்டு பக்கமும் போட்டார்கள். மாவைக் கரைத்து ஏற்றுகிற மாதிரி மெதுவாக ஏறியது, அப்படி ஒரு வலி. அன்று சாயங்காலம் எனக்குக் குளிரெடுத்துக் காய்ச்சல் வந்தது. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து போர்வையை இழுத்துவிட்டார். "கிருமி சாகுறப்ப மொத ஊசிக்கு இப்படி வரும்னு அக்கா சொன்னாங்க. வயித்துல வலி வந்தாலோ புள்ள அசைவு கொறஞ்சாலோ ஒடனே வரச் சொன்னாங்க. நான் முழிச்சிருக்கேன், நீ தூங்கு" என்றார். பிறகு என் நெற்றியில் கை வைத்து, "போச்சாது" என்றார்.

என் வீட்டில், என் கட்டிலில், என் புருஷன் வாயில் அந்த அக்காவின் வார்த்தை. காய்ச்சலைவிட அதுதான் சுட்டது.

அந்த வாரம் முழுக்க நான் ஒரே ஒரு கேள்வியோடு அலைந்தேன். முந்தியா, பிந்தியா? கல்யாணத்துக்கு முந்தி என்றால் ஒரு மாதிரி, பிந்தி என்றால் வேறு மாதிரி. பிந்தி என்றால் யார்? மில்லுக்கு வருகிற பெண்கள் ஒவ்வொருத்தியாக மனசில் வந்து போனார்கள். மில் பஸ் எங்கள் தெருமுனையில் நிற்கும்போது ஜன்னலோர முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டருக்குத் தெரியாது. ரத்தத்துக்குத் தெரியாது. அந்த அக்காவுக்குத் தெரியும். எனக்குச் சேர வேண்டிய ஒரு பொருள் இன்னொருத்தி வீட்டு அலமாரியில் இருப்பதுபோல இருந்தது.

இரண்டாவது ஊசியன்று கேட்டுவிட்டேன். "அவரு எல்லாம் சொல்லியிருப்பாரு. எனக்கு எல்லாம் வேணாம். முந்தியா பிந்தியா, அத மட்டும் சொல்லுங்க."

"அவருகிட்டக் கேளுங்க கண்ணு."

"அவரு சொல்ல மாட்டாரு."

"கேட்டுப் பாத்தீங்களா?"

கேட்கவில்லை என்பதுதான் உண்மை. அவராக வந்து சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். அக்காவிடம் அவராகத்தானே சொன்னார்.

அன்று நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊசி போட்ட பிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பார்கள். நான் பெஞ்சில் இருந்தேன். என் கண் முன்னால்தான் ஒரு சின்னப் பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அக்காவின் அறைக்குள் போனாள். சற்று நேரத்தில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர் விறுவிறுவென்று வந்தார். கையில் கார் சாவி. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"எம் மருமக இங்க வந்தாளா?"

"உக்காருங்கய்யா. தண்ணி குடிக்கறீங்களா?"

"வந்தாளா இல்லையா, அதச் சொல்லும்மா."

"வந்தவங்களை வந்தாங்கன்னும் சொல்ல மாட்டனுங்க. வராதவங்களை வரலீன்னும் சொல்ல மாட்டனுங்க." அக்கா குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு உங்களைத் தேடிட்டு ஒருத்தரு வந்து கேட்டாலும் இதேதானுங்க சொல்லுவேன்."

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் அந்தக் கடைசி வாக்கியம் அவருக்குள் போய் எங்கோ முட்டியிருக்க வேண்டும். சாவியை ஒரு சுற்றுச் சுற்றினார், திரும்பிப் போய்விட்டார். அக்காவின் முகத்தில் ஒரு ஜெயித்த களை, ஒரு பயம் தெளிந்த மூச்சு, எதுவும் கிடையாது. கதவைத் திறந்து உள்ளே போனார்.

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. அடுத்த நிமிஷமே வயிறு எரிந்தது. அந்த வெள்ளைச் சட்டைக்காரருக்குச் சொன்ன பதிலும் எனக்குச் சொன்ன பதிலும் ஒன்றுதானே. அந்த ஆளும் நானும் இவருக்கு ஒன்றா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து திண்டுக்கல் கடைத்தெருவில் அக்காவைப் பார்த்தேன். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். அவர் கண் என்மேல் பட்டது, ஒரு மின்கம்பத்தைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போனது. மூன்றாவது ஊசிக்குப் போனபோது ஏன் என்று கேட்டேன்.

"வெளிய நான் யாரையும் தெரிஞ்ச மாதிரி பாக்கறதில்லீங்க. கூட வந்தவங்க, இவங்களை எப்படித் தெரியும்னு கேட்டுட்டா நீங்க என்ன சொல்லுவீங்க? வணக்கம் வைக்கோணும்னா நீங்க வைங்க, நானும் வைக்கறேன்" என்றார்.

நியாயம்தான். எனக்கு நியாயம் தேவைப்படவில்லை. என் கணவர் தெருவில் பார்த்தால் வணக்கம் வைப்பாரா என்றுதான் அப்போதும் யோசித்தேன்.

மூன்று ஊசியும் முடிந்தது. இனி சில மாதம் கழித்து ரத்தம் பார்த்தால் போதும் என்றார்கள். அக்காவின் அறைக்கு இனி வேலையில்லை என்று எனக்கு நிம்மதி. அப்போதுதான் ஒரு மத்தியானம் என் மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டார்.

"ஏத்தா, இவனும் லீவு விட்டா அந்தக் கவுன்சிலரப் பாக்கப் போறேன் போறேன்னு ஓடுறான். கொழா ஒண்ணயும் காணோமே. அந்த ஆளு நம்மள ஏமாத்துறானோ?"

என்னிடம் அவர் மில்லுக்கு ஸ்பேர் வாங்கப் போவதாகத்தான் சொல்லியிருந்தார். நான் கீரையை அப்படியே வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

சைக்கிள் ஸ்டாண்டில் அவருடைய பைக் நின்றது. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். வயிறு வேறு அப்போது நன்றாக மேடிட்டிருந்தது, மறைவது அத்தனை சுலபமில்லை. ஆனால் என் கணவர் எதையும் பார்க்கிற நிலையில் இல்லை. கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே வெளியே வந்தார், கண்ணைத் துடைத்தார், பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

நான் உள்ளே போனேன். அக்கா எழுந்து ஃபேனை நிறுத்தப் போனார்.

"ஓடட்டும். நான் சத்தமாத்தான் பேசப் போறேன்."

அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கதவை மட்டும் சாத்தினார்.

"ஊசிதான் முடிஞ்சிருச்சே. அவரு இங்க எதுக்கு வாராரு? வீட்டுல வாயத் தொறக்காத மனுசன் உங்ககிட்ட மட்டும் அப்படி என்னத்தப் பேசுறாரு? நாந்தான் அவரக் கட்டிக்கிட்டவ. புள்ள என் வயித்துலதான் இருக்கு. ஊசியும் என் இடுப்புலதான் குத்துனாங்க. உங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியணுமா வேணாமா?"

"தெரியோணுமுங்க."

"அப்பச் சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டனுங்க கண்ணு."

"உங்ககிட்டச் சொன்னத எங்கிட்ட ஏன் சொல்லல?"

அக்கா என்னை உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். "நான் அவருக்கு யாரும் இல்லீங்களே. யாரும் இல்லாதவங்ககிட்டச் சொல்றது சுளுவுங்க. இங்க சொல்லிப்போட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிரலாம். உங்ககிட்டச் சொன்னா நீங்க அழுவீங்க, சோறு திங்காமக் கெடப்பீங்க. அதையெல்லாம் பாத்துக்கிட்டு அவரு அங்கயேதான இருக்கோணும்? அதுக்குத்தானுங்க பயம்."

நான் சொல்கிற எதற்கும் அந்த முகம் அசையவில்லை. அப்போது எனக்குப் புரிந்தது, நான் பொறாமைப்பட்டது இந்த முகத்தின்மேல்தான் என்று. இந்த முகத்துக்கு முன்னால்தான் என் புருஷன் வாய் திறந்திருக்கிறார். என் முகத்துக்கு முன்னால் எல்.கே.ஜி. பையன்கள் மாதிரி வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் மாமியார் அன்பியக் கூட்டத்துக்கு ஜெபம் சொல்லப் போய்விட்டார். என் கணவர் வந்ததும் பின்பக்க வாசலில் இரண்டு நாற்காலியைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். எதிரே கொல்லையில் ஆடு ஒன்று கட்டிக் கிடந்தது. உள்ளே ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு உங்க வண்டியப் பாத்தேன், ஆஸ்பத்திரியில. என்னைப் பாக்க வேண்டாம். அந்த ஆட்டப் பாத்துக்கிட்டே சொல்லுங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது யாருடைய பேச்சு என்று அவருக்குத் தெரியாதா. ஆட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்.

சூரத்தில் மில்லுக்குப் பக்கத்து மெஸ்ஸில் சமைத்த ஒரு பெண். இவரைவிட வயசு கூட. புருஷன் விட்டுவிட்டுப் போனவள். ஒரு வருஷத்துக்கு மேல் இருவரும் ஒரே அறையில் குடும்பமாகவே இருந்திருக்கிறார்கள். ஊரில் பெண் பார்த்தாயிற்று என்று அம்மா கூப்பிட்டதும், பத்து நாளில் திரும்பி வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு ரயிலேறினார். பார்த்த பெண் நான். அவர் திரும்பிப் போகவே இல்லை.

"அக்காகிட்ட இதச் சொன்னப்ப, நீங்க ரெண்டு பேரும் ஊசி போட்டுக்குவீங்க, சூரத்துல இருக்கற அந்தப் புள்ளைக்கும் இருக்குமே தம்பி, அதுக்கு யாரு சொல்லுவாங்கன்னு கேட்டாங்க. எங்கிட்ட நம்பர் இல்ல. கூட வேல பாத்தவனத் தேடிப் புடிச்சு வாங்குனேன். வீட்டுலருந்து பேச முடியல. அக்கா ரூமுல உக்காந்து பேசுனேன்."

"என்ன சொன்னா?"

"மொதல்ல யாருன்னு கேட்டா. பேரச் சொன்னேன். ஒண்ணும் பேசல. லைன் கட்டாயிருச்சோன்னு நெனச்சேன். அப்புறம், சாப்டியான்னு கேட்டா."

நான் ஆட்டைப் பார்த்தேன். முகத்தை அப்படியே வைத்திருந்தேன். பல்லைக் கடித்ததில் காது வரைக்கும் வலித்தது.

"விசயத்தச் சொன்னேன். திட்டுனா. நல்லாத் திட்டுனா. அப்புறம் அழுதா. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னா. போனாளான்னு கேக்கத்தான் இன்னைக்குப் போனேன்."

"போனாளா?"

"போயிருக்கா. அங்கயும் இதே ஊசிதானாம். போட்டுக்கிட்டாளாம்."

முந்தி. நான் கேட்க நினைத்தது அவ்வளவுதான், அதற்குப் பதில் வந்துவிட்டது. ஆனால் என் முகம் மாறாததைப் பார்த்து, எனக்கு வலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அவர் நிறுத்தவில்லை. நான் ஒரு டம்ளர்தான் கேட்டேன், அவர் குடத்தையே கவிழ்த்துவிட்டார். அவள் பருப்பில் வெல்லம் போடுவாளாம். முதலில் பிடிக்கவில்லையாம், பிறகு அது இல்லாமல் சோறு இறங்காதாம். அவளுடன் இந்தியில்தான் பேசுவாராம். இவருக்கு இந்தி தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அக்காவின் அறையிலிருந்து என் கணவர் போனில் எனக்குத் தெரியாத பாஷையில் இன்னொருத்தியிடம் பேசியிருக்கிறார், பக்கத்தில் நான் உட்காரவில்லை, அக்கா உட்கார்ந்திருக்கிறார்.

எழுந்து போய் அடுப்படியில் நின்று அழுதேன். அக்கா சொன்னபடியே எல்லாம் நடந்தது. அழுதேன், சோறு தின்னாமல் கிடந்தேன், பேசாமல் இருந்தேன். அவரும் அங்கேயேதான் இருந்தார். பைக்கைத் துடைக்கப் போகவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காகவாவது குடி என்று ரசம் வைத்துக் கொண்டுவந்து நின்றார். உப்பே இல்லை. குடித்தேன்.

மகள் பிறந்தாள். அவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் சில மாதம் விட்டு இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். அதற்காகப் போனதுதான் நான் அக்காவைக் கடைசியாகப் பார்த்தது. அதற்கப்புறம் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். எந்த ஊர் என்று நான் விசாரிக்கவில்லை. என் கணவர் விசாரித்தாரா என்று தெரியாது.

அன்று பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று முடிவு வந்துவிட்டது. எனக்கும் அவருக்கும் ரத்தத்தில் நோயின் அளவு நன்றாக இறங்கியிருந்தது. அவரிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, அக்காவிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று நான் மட்டும் உள்ளே போனேன். சொல்லிக்கொள்ளத்தான் போனேன். வாயில் வேறு வந்தது.

"அவ குரலு எப்படி இருந்துச்சுக்கா? நீங்க பக்கத்துலதான இருந்தீங்க."

"மறந்துட்டனுங்க கண்ணு" என்றார்.

எனக்கு எந்தக் கையில் டெஸ்ட் ஊசி போட்டார்கள் என்பதைக்கூட நினைவு வைத்திருந்தவர் அவர். அந்தக் குரலை மறந்திருக்க வழியே இல்லை. வற்புறுத்திப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததால் வற்புறுத்தவில்லை. அதற்குப் பதிலாக, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது பருப்பை வேகவைத்து, வெல்லத்தைத் தட்டிப் போட்டு, சோற்றில் பிசைந்து ஒரு வாய் தின்று பார்த்தேன். மீதியைச் சட்டியோடு கொண்டுபோய் ஆட்டுக்கு ஊற்றிவிட்டேன்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கவும் இல்லை, உச்சுக்கொட்டவும் இல்லை.

"நல்லா இருந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான்க்கா இருந்துச்சு" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். ரொம்ப நேரம் பேசினேன். என்னென்ன பேசினேன் என்பது எங்கள் இருவரோடு இருக்கட்டும்.

வெளியே வந்தபோது என் கணவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். பிள்ளை எப்போதோ தூங்கிவிட்டது. என் கண்ணைப் பார்த்தார், சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"இம்புட்டு நேரமா என்ன பேசுன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா அழுதிருக்க?"

நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் இரண்டு தடவை கேட்டார், பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு ஒரு தடவை. பேசாத மனிதர் அவ்வளவு கேட்டதே அதிகம். என்னைப் பத்தியா, என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, காற்றில் நழுவிய பிள்ளையின் குல்லாவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வேடசந்தூர் வரும்வரை அவர் முகம் தொங்கிப்போய்த்தான் இருந்தது. பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம் இனிக்கவும் செய்தது.